கப்பலுக்குப் போட்ட மாலை

அழகம்மாளின் தாலியை அறுக்க இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது.

நாளைக் காலை பத்து மணிக்குப் பதினாறாம் நாள் காரியம். பந்தல் போட்டாயிற்று. அவளுடைய அண்ணன்மார் நான்கு பேரும் கோடிச் சேலையோடு வருகிறார்கள். செத்துப்போன புருஷன் நல்லகாமன் கடற்படைக்காரன்; அவன் உடல் மட்டும் வரவில்லை. வராது என்கிறார்கள். கடலோடு போய்விட்டதாம்.

"அக்கா, ஆளு செத்துட்டான்னு முதல்ல சொன்னது யாரு?" என்று கேட்டான் சங்கிலி. சமயநல்லூர் ரோட்டில் ஒரு மாட்டு வண்டியைத் தாண்டி லாம்ப்ரெட்டாவை வளைத்தான்.

"கூட வேலை பார்த்தவன்னு ஒருத்தன் வந்திருக்கான். மலையாண்டின்னு பேரு" என்றாள் பின்னால் இருந்த விஜயம்.

"சர்க்கார் சொல்லலையா?"

"இல்லை."

"நம்ம ஊர்ல சைக்கிள் காணாமப் போனாலே சர்க்கார் மூணு காயிதம் கேக்கும். ஒரு ஆளையே காணோம். ஒரு தந்தி கூடவா வராது?"

"அழகம்மாளும் அதைத்தான் கேட்டிருக்கா. இது ரகசியச் சண்டை, சர்க்கார் வெளியில சொல்லாதுன்னு வாயை அடைச்சுட்டாங்க."

சங்கிலி காறித் துப்ப நினைத்தான். காற்று எதிர்த்து அடித்ததால் விழுங்கிக்கொண்டான்.

விஜயம் ஒரு காலத்தில் பெண்கள் பள்ளியில் சயன்ஸ் டீச்சர். அந்த வேலையை விட்டுவிட்டு, மேலமாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்து நான்கு வருஷம் ஆகிறது. அங்கே சிப்பந்தி, காவலாளி, டிரைவர், டீ வாங்கி வருகிறவன் எல்லாம் சங்கிலி ஒருவன்தான். அழகம்மாள் விஜயத்திடம் படித்தவள். துக்க வீட்டை விட்டு வெளியே வர முடியாமல், கீரை விற்க வந்த சங்கிலியின் அத்தையிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: டீச்சரைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, நாளைக்குள்ள.

டீச்சர் துக்கம் விசாரிக்க வருவதை யாரும் தடுக்க முடியாது.

பந்தலுக்குக் கீழே பத்துப் பேர் இருந்தார்கள். நடுவில் இலை போட்டு உட்கார்ந்திருந்தவன்தான் மலையாண்டி. துக்க வீட்டுச் சோற்றைக் கல்யாண வீட்டுச் சோறாகத் தின்றுகொண்டிருந்தான். ரசம் மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு ஓட, அதை நாக்கால் வழித்து மேலே ஏற்றினான். ஏப்பம் விட்டான். அதற்குப் பிறகு, பதினைந்து நாளாகச் சொல்லிச் சொல்லி வழவழவென்று ஆகிவிட்ட கதையை டீச்சருக்காக இன்னொரு தரம் ஆரம்பித்தான்.

"அக்கரைக்குப் பக்கத்துல போயிட்டோம்மா. கும்மிருட்டு. கப்பலை நடுக்கடல்ல நிறுத்தி முன்னாடி நங்கூரத்தைப் போட்டாச்சு. எறங்குங்கடான்னான் ஆபீசர். கயித்தேணியில எறங்குறோம். கழுத்தளவு தண்ணி. துப்பாக்கியத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு நானும் நல்லகாமனும் பக்கத்துல பக்கத்துல நடக்குறோம். ஒரே ஒரு அலை. திரும்பிப் பாக்குறேன், ஆளைக் காணோம்!"

"அலை உங்களை மட்டும் விட்டுருச்சாண்ணே?" என்றான் சங்கிலி.

"எனக்கு ஒசரம் ஜாஸ்தி தம்பி."

சங்கிலி அவனை உச்சி முதல் பாதம் வரை பார்த்தான். நின்றால் லாம்ப்ரெட்டாவின் கண்ணாடிக்கு வருவான்.

விஜயம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கப்பல்ல ரொம்ப வாந்தி வருமாமே?"

"அதெல்லாம் பழகாதவனுக்கும்மா. நான் ஏழு வருசத்துல ஒரு நாள் எடுத்ததில்ல. நம்ம கப்பல் கோயில் தேர் மாதிரி அலுங்காமப் போகும்."

"எங்க ஊர்த் தேரு ரெண்டு வீட்டுத் தாவாரத்தைப் பேக்காமப் போனதே இல்லண்ணே" என்றான் சங்கிலி.

இருவரும் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒச்சாயி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நல்லகாமனைப் பெற்றவள். விஜயம் உட்கார்ந்ததும் அழுகை, குழாயைத் திருகியது போல நின்றது. பக்கத்தில் அவளுடைய இளைய மகன் முத்துக்கருப்பன் தூணோடு தூணாக நின்றான்.

எதிர்ச் சுவரில் ஒரு படம். கீழே விளக்கு எரிந்தது. படத்துக்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். சங்கிலி கிட்டப் போய்ப் பார்த்தான். படத்தில் மனிதன் இல்லை. ஒரு கப்பல் இருந்தது.

அதுவும் தண்ணீரில் இல்லை. மூக்கு மணலில் ஏறிக் கிடந்தது. மூஞ்சியின் இரண்டு பக்கமும் கதவு மாதிரி திறந்திருக்க, உள்ளேயிருந்து ஒரு பலகைப் பாலம் மணலில் இறங்கியிருந்தது. அதன் மேல் ஒரு ராணுவ லாரி பாதி வெளியே வந்து நின்றது. கரையேறிய முதலை ஒன்று தின்ற லாரியைத் திருப்பிக் கக்குவது போலிருந்தது.

"ஏன்க்கா, செத்தது கப்பலா?" என்று விஜயத்தின் காதில் கேட்டான்.

விஜயம் அதையே ஒச்சாயியிடம் மரியாதையாகக் கேட்டாள். "அவர் படம் இல்லையாம்மா?"

"படம் ஏது தாயி. பிடிக்கவே விடமாட்டான் எம்மகன். இந்தக் கப்பல்தான் அவனுக்கு எல்லாம். அதான் அதுக்குப் போட்டேன்."

நல்ல பதில்தான். ஆனால் சுவர் வேறு பதில் சொன்னது. அடுப்புப் புகையில் பழுத்திருந்த சுவரில், கப்பல் படத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது. அந்த ஆணியில் நெடுநாள் தொங்கியது இதைவிடப் பெரிய படம்.

சங்கிலி மாலையைச் சரிசெய்கிற சாக்கில் சட்டத்தைத் திருப்பிப் பார்த்தான். பின்னால் டவுன்ஹால் ரோட்டு ஸ்டுடியோ ஒன்றின் சீட்டு ஒட்டியிருந்தது.

அழகம்மாள் உள் அறையில், நெல் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது. குழந்தை இல்லை. டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் போனாள். பள்ளிக்கூடப் பழக்கம். விஜயம் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அந்த எடத்துல அவரு படம்தான் டீச்சர் இருந்துச்சு. வெள்ளை உடுப்போட. இந்த ஆளு வந்த மறுநாள் காணோம்."

"கேட்டியா?"

"எலி கடிச்சிருச்சுன்னாக அத்தே. கண்ணாடியையுமா எலி கடிக்கும்?"

"கப்பல்ல அவருக்கு என்ன வேலைன்னு சொல்லியிருக்காரா?"

"வாலைப் பிடிக்கிறதும்பாரு. எல்லாரும் மூஞ்சி வழியா எறங்கிப் போவாக, நான் ஒருத்தன் வாலைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்னு சிரிப்பாரு. எனக்கு அது வெளங்கினதே இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு டீச்சர். துக்க வீட்டுப் பொம்பளை பதினாறு கழியாம வாசல் தாண்டக் கூடாதும்பாக. அத்தே இதுக்குள்ள நாலு தடவை ஒத்தக்கடைக்குப் போயிட்டாக. மூட்டு வலிக்கு ஊசி போடுற டாக்டரு அங்கதான் இருக்காராம்."

"தனியாவா?"

"தூக்குவாளியோட."

சங்கிலிக்கு வாய் அரித்தது. "ஊசி போடுற டாக்டருக்குப் பசிக்கும்ல" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

அழகம்மாள் தாலிக் கயிற்றை ஒரு விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "அவரு செத்தது மெய்யினா நானே கழட்டிக் குடுத்துருவேன் டீச்சர். பயமில்ல. செத்தாரா இல்லையான்னு தெரியாம எப்படி நீட்டுறது கழுத்தை? அதை மட்டும் சொல்லுங்க."

வெளியே ஒச்சாயியின் காலடி கேட்டது. விஜயம் எழுந்துகொண்டாள்.

எஸ்.எஸ். காலனியில் விஜயத்தின் அண்ணன் அனந்தராமன் இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்துவிடுவார். கடற்படையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். தயிர் சாதத்தைப் பிசைந்து முதல் கவளத்தை எடுத்தபோது விஜயம் கப்பல் படத்தை வாயால் வரைந்து காட்டினாள். அவர் கவளத்தைத் தட்டில் போட்டார்.

"ஏண்டி, சாப்பிடற வேளையிலயா அந்தக் கப்பலைப் பத்திப் பேசணும்?"

"அதுல இருந்திருக்கியா அண்ணா?"

"ஆறு வருஷம். ஆறு வருஷமும் வாந்தி. மத்த கப்பலுக்கெல்லாம் அடிப்பாகம் கத்தி மாதிரி தண்ணியைக் கிழிச்சுண்டு இறங்கியிருக்கும். அதனால நிக்கும். இதுக்கு அடி தட்டை, தாம்பாளம் மாதிரி. சின்ன அலை வந்தாலும் இப்படி ஒரு தூக்கு, அப்படி ஒரு சாய்ப்பு. கேப்டன்லேர்ந்து சமையல்காரன் வரைக்கும் பக்கெட்டும் கையுமா அலைவோம். அதுல நான் வாந்தியே எடுத்ததில்லைன்னு எவனாவது சொன்னா, அவன் அந்தக் கப்பலை காலண்டர்லதான் பார்த்திருப்பான்."

சங்கிலியும் விஜயமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்புறம் எதுக்கு சார் அடியைத் தட்டையா வச்சாங்க? வாந்தி எடுக்கவா?" என்றான் சங்கிலி.

அனந்தராமன் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். திட்டினாலும் அந்தக் கப்பல் அவரை விடவில்லை என்பது நடையில் தெரிந்தது. குளியலறைச் சோப்புப் பெட்டியை எடுத்து வந்து, சிவப்புச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். பெட்டியின் பின்பக்கம் ஒரு நூலைக் கட்டினார். நூலின் மறுமுனையில் வீட்டுச் சாவிக்கொத்து.

"இந்தத் தரை கடல். அதோ பாய் விரிச்சிருக்கே, அது எதிரியோட கரை. அங்கே துறைமுகம் கிடையாது. இருந்தாலும் உடைச்சிருப்பான். ஆறு டாங்கியையும் நூத்தம்பது சிப்பாயையும் எப்படி இறக்குவே?"

"படகுல?"

"டாங்கியைப் படகுல இறக்கினா படகும் சேர்ந்து இறங்கிடும், அடிக்கு. கப்பலே கரையேறணும். அதுக்குத்தான் தட்டை அடி. வயித்துக்குள்ள தொட்டி தொட்டியா இருக்கும். நடுக்கடல்ல அதுல தண்ணியை நிரப்பிக் கப்பலைக் கனமாக்குவோம். கரை கிட்ட வந்ததும் பம்ப் பண்ணி வெளியே தள்ளுவோம். மூக்கு லேசாயிடும், மேலே எழும்பும். அப்புறம் முழு வேகத்துல, வேணும்னே, மணல்ல கொண்டுபோய் முட்டணும்."

சோப்புப் பெட்டியைப் பாயின் விளிம்பில் ஏற்றினார். மூடியைத் திறந்தார்.

"கதவு திறக்கும். பாலம் விழும். டாங்கி, லாரி, ஜீப் எல்லாம் தன் காலால ஓடிப் போயிடும். நல்ல கரையா இருந்தா சிப்பாய்க்கு முழங்கால் கூட நனையாது. கயித்தேணியும் கிடையாது, கழுத்தளவு தண்ணியும் கிடையாது. சண்டைக்கு மட்டும்னு நினைக்காதே. ஒரு புயல்ல துறைமுகம் போச்சு, பாலம் போச்சு, ரோடு போச்சு. ஊர்க்காரா மேட்டுல நின்னுண்டு கடலைப் பார்த்துண்டிருந்தா. இந்தத் தகர டப்பாதான் அரிசியும் குடிதண்ணியும் டாக்டரும் ஏத்திண்டு போய், மீன்காரன் வலை காயப்போடற மணல்ல வாயைத் திறந்தது. திரும்பி வரச்சே அடிபட்டவாளை ஏத்திண்டு வந்தோம். அழுகின மாடு மிதந்த தண்ணி. நாத்தம் ஒரு மாசம் போகலை."

மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இறக்கியாச்சு. இப்போ எப்படித் திரும்பறது?" என்றாள் விஜயம்.

"கேட்டியே, இதுதான் கேள்வி!" அனந்தராமன் சாவிக்கொத்தைச் சுட்டினார். அது பாய்க்கு வெகு தூரத்தில், தரையின் நடுவில் கிடந்தது. "கரைக்கு வர்றதுக்கு முன்னாடியே, தண்ணி ஆழமா இருக்கறச்சே, பின்னாலேர்ந்து நங்கூரத்தைப் போட்டுடுவோம். முன்னால இல்லை, பின்னால. நீளமா இரும்புக் கம்பி. கப்பல் கரைக்கு ஓட ஓட கம்பி பின்னால விட்டுண்டே வரும். வேலை முடிஞ்சதும் அந்தக் கம்பியை மிஷின்ல சுத்தி இழுத்தா..."

நூலை இழுத்தார். சோப்புப் பெட்டி பாயிலிருந்து வழுக்கிப் பின்னால் போயிற்று.

"அந்த மிஷின்கிட்ட ஒரு ஆள் நிக்கணும். கம்பி தொய்ஞ்சா கப்பல் பக்கவாட்டுல திரும்பி மணல்ல படுத்துடும். அதனால அவன் இடத்தை விட்டு நகரவே கூடாது. எல்லாரும் கரை இறங்குவா. அவன் மட்டும் இறங்க மாட்டான்."

"வாலைப் பிடிக்கறவன்" என்றாள் விஜயம்.

"நாங்களும் அப்படித்தான் சொல்லுவோம். உனக்கு யார் சொன்னா?"

விஜயம் சோப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூலைத் தானே ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். "திரும்பற வழியை முதல்லயே போட்டுட்டுத்தான் கரையேறும்" என்று தனக்குள் சொன்னாள். அவள் முகம், சொத்தைக் கடலையைக் கடித்தவள் முகம் மாதிரி கோணியது.

டவுன்ஹால் ரோட்டு ஸ்டுடியோவைப் பூட்டுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். விஜயம் உள்ளே போனாள். நல்லகாமன் வெள்ளை உடுப்பில் எடுத்துக்கொண்ட படத்தின் நெகட்டிவ் அங்கே இருந்தால், ஒரு பிரதி போட்டுச் சட்டம் மாட்டி வாங்க வேண்டும் என்பது திட்டம்.

சங்கிலி வாசலில் பருத்திப்பால் வாங்கி ஊதிக்கொண்டு, ஸ்டுடியோவின் கண்ணாடிப் பெட்டியை வேடிக்கை பார்த்தான். தொட்டில் குழந்தை, பட்டமளிப்பு அங்கி, சடங்கான பெண். மத்தியில் பெரிதாக ஒரு கல்யாண ஜோடி. பின்னால் திரைச்சீலையில் தாஜ்மஹால். பெண் கைக்கடிகாரம் தெரியும்படி கையை நீட்டி வைத்திருந்தாள். மாப்பிள்ளைக்கு முப்பத்தைந்து இருக்கும். மார் நிறைய மாலை. இடது புருவத்தைக் குறுக்கே வெட்டி ஒரு தழும்பு.

விஜயம் வெளியே வந்ததும் சங்கிலி சிரித்தான். "இங்க பாருங்கக்கா. தலையில வகிடு எடுக்க முடி பத்தலைன்னு மாப்ள புருவத்துல எடுத்திருக்காரு."

விஜயம் பார்த்தாள். ஒரு நிமிஷம் இருக்கும். திரும்பி மறுபடி உள்ளே போய், ஸ்டுடியோக்காரரிடம் ஏதோ கேட்டாள். அவர் பேசிக்கொண்டே போனார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வெளியே வந்து, தெருக் குழாயைத் திறந்து, இரண்டு கையையும் முழங்கை வரை கழுவினாள். பிறகு வாயைக் கொப்பளித்துச் சாக்கடையில் துப்பினாள். நான்கு வருஷத்தில் அவள் தெருவில் துப்பிச் சங்கிலி பார்த்ததில்லை.

"என்னக்கா சொன்னாரு?"

"படம் காலையில ஆறு மணிக்குத் தயாராயிடும்."

"அதுக்கா கையைக் கழுவுனீக?"

"வண்டியை எடு சங்கிலி."

"ஆளு செத்துட்டானா இல்லையா? எனக்கு மட்டும் சொல்லுங்க. நான் இந்தப் பருத்திப்பால்காரர் கிட்டக் கூடச் சொல்ல மாட்டேன்."

"நான் சொன்னா டீச்சர் கட்டிவிட்ட கதைம்பாங்க. போலீஸ் சொன்னா பொய்க் கேஸ்ம்பாங்க. இதைச் சொல்ல வேண்டிய வாய் வேற."

"அந்த வாய் சொல்லாட்டி?"

"சொல்லும். ஒரு வேலை இருக்கு, அதை மட்டும் அந்தக் கையால செய்ய முடியாது. செய்ய முடியாமத்தான் கப்பலுக்குப் போட்டிருக்கு."

சங்கிலிக்குப் பாதி விளங்கியது. மீதிப் பாதியை நினைத்துக்கொண்டே இரவெல்லாம் புரண்டான்.

காலை ஒன்பதரை மணிக்குப் பந்தல் நிறைந்திருந்தது. ஓலைப்பாயில் அழகம்மாளை உட்கார வைத்து, தலை நிறையப் பூவும் கை நிறைய வளையலும் போட்டிருந்தார்கள். உடைப்பதற்காகப் போட்ட வளையல். சுற்றிலும் உட்கார்ந்த பெண்களில் ஒருத்தி வெற்றிலையைக் குதப்பியபடி, "கோடி என்ன வெலை இருக்கும்?" என்று பக்கத்தில் கேட்டாள்.

அண்ணன்மார் நான்கு பேரும் ஒரே வரிசையில் நின்றார்கள். மூத்தவன் விருமாண்டி. ஆறடி. தங்கையைப் பார்க்க முடியாமல் பந்தல் கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த நான்கு பேரையும் பார்த்தபோது சங்கிலிக்கு ஒன்று புரிந்தது. இந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிவிட்டு, வேண்டாம் என்று எவனும் தள்ளிவிட்டுப் போக முடியாது. போனால் வெட்டுக்கத்தி பின்னாலேயே போகும். செத்துப் போனால் மட்டும்தான் போகலாம்.

விஜயம் முன்னால் வந்தாள். காகிதத்தில் சுற்றிய சட்டம் கையில் இருந்தது. கூட்டத்துக்கு முன்னால் பேசக் கூச்சப்படுகிறவள். குரல் மெல்லியதாகத்தான் வந்தது.

"அவர் படமே இல்லாம காரியம் நடக்கறது மனசுக்குக் கஷ்டமா இருந்தது. ஸ்டுடியோவில கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

காகிதத்தைப் பிரித்து, நாற்காலியில் சாய்த்து வைத்தாள். வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி, முறுக்கு மீசை. இடது புருவத்தைக் குறுக்கே வெட்டி ஒரு தழும்பு.

சங்கிலிக்கு ஸ்டுடியோவின் கண்ணாடிப் பெட்டி நினைவுக்கு வந்தது. கைக்கடிகாரம். தாஜ்மஹால். மார் நிறைய மாலை. வாயைப் பொத்திக்கொண்டு விஜயத்தைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. ஒச்சாயியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல காரியம் பண்ணுனீக தாயி" என்றான் விருமாண்டி. "மச்சான் முகத்தை ஒரு தடவை பாத்துக்கிட்டோம். பெத்தவுக மொதல் மாலையப் போடட்டும். அப்புறம் ஆகவேண்டியதப் பாருங்க."

முத்துக்கருப்பன் விருட்டென்று தூணை விட்டு வந்தான். "ஆத்தாளுக்குக் கண்ணு தெரியல. நான் போடுறேன்." மாலைத் தட்டுக்குக் கை நீட்டினான்.

"பெத்தவ இருக்கையில நீ எதுக்குடா முந்துற?" விருமாண்டி கையை உயர்த்தவில்லை. குரல் போதுமானதாக இருந்தது. முத்துக்கருப்பன் கையை இழுத்துக்கொண்டான்.

பந்தலின் பின்பக்கம் மலையாண்டி மெதுவாக எழுந்தான். சங்கிலி அவன் பக்கத்தில் போய் நின்றான். "எங்கண்ணே?"

"ஒண்ணுக்கு."

"கழுத்தளவு தண்ணியிலயே நின்ன ஆளு. இதை அடக்க முடியலையா? உக்காருங்க. ஒங்க பை என்கிட்டத்தான் இருக்கு."

மலையாண்டி உட்கார்ந்தான். நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கோத்திருந்தது.

ஒச்சாயியை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவள் படத்தைப் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்தாள். "எனக்கு முடியல. மயக்கமா வருது" என்றாள். "கப்பலுக்குப் போட்டாச்சே. அது போதும்."

"கப்பலா அத்தே எனக்குத் தாலி கட்டுச்சு?"

அழகம்மாள்தான். பாயிலிருந்து எழுந்து நின்றாள். இந்த நேரத்தில் எழுந்திருக்கக் கூடாது என்று யாரோ அதட்டினார்கள். அவள் கேட்கவில்லை. தட்டிலிருந்த மாலையை எடுத்து ஒச்சாயியின் இரண்டு கையிலும் வைத்தாள். வளையல்கள் ஒன்றோடொன்று மோதின.

"போடுங்க அத்தே. ஒங்க கையால நீங்க போட்டுட்டா, நானே கழட்டிக் குடுத்துர்றேன். யாரும் அறுக்க வேணாம்."

வெற்றிலை மென்றவள் மெல்வதை நிறுத்தினாள்.

ஒச்சாயி மாலையைத் தூக்கினாள். கை படத்தின் மேல்விளிம்பு வரை போயிற்று. ஒரு சாண் தூரம்தான். அங்கேயே நின்றது. செவ்வந்தி இதழ்கள் ஒன்றிரண்டாக நாற்காலியில் உதிர்ந்தன. அவள் திரும்பி நான்கு அண்ணன்மாரையும் பார்த்தாள், விருமாண்டியின் கையைப் பார்த்தாள். மறுபடி மகனின் முகத்தைப் பார்த்தாள். மாலையை இன்னும் ஒரு விரற்கடை இறக்கினாள். ஓர் இதழ் மகனின் நெற்றிக்கு நேராகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

அதைப் பார்த்ததும், கையில் நெருப்பு பட்டவள் போல மாலையைத் தூக்கி எறிந்தாள். படத்தைப் பிடுங்கி மாரோடு சேர்த்துக்கொண்டாள். பதினைந்து நாளில் முதல் தடவையாக நிஜமாக அழுதாள்.

"போடமாட்டேன்டி! பெத்த கையால போடமாட்டேன்! எம்புள்ள உசுரோட இருக்கான்டி... ஒத்தக்கடையில, இன்னொருத்தியக் கட்டிக்கிட்டு, உசுரோட இருக்கான்!"